நெய்வேலிச் சுரங்கமும் சுரங்கவியல் சொற்களும்

நெய்வேலி, கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்படும் ஊர் ஆகும். சுரங்கவியலின் அடிப்படைச் சொற்கள் பலவற்றை இவ்வூரின் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

1930களின் நடுப்பகுதியில் இங்கு நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டியபோது, பொங்கி வந்த நீரோடு கரிய துகள்களும் வெளிவந்தன. அவர் அதனை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். இத்தகைய தடயம் ஓர் அறிகுறி மட்டுமே. கனிமம் எவ்வளவு பரப்பில், எந்த ஆழத்தில், என்ன தடிமனில் உள்ளது என்பதைத் துளையிட்டு அறிவதே 'கனிமத் தேடல்'. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1943 முதல் 1946 வரை இப்பணியைச் செய்தது. நிலத்தடியில் உள்ள மொத்த அளவு 'வளம்'. அதில் கட்டுப்படியாகும் செலவில் எடுக்கக்கூடிய பகுதியே 'இருப்பு'. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவதுண்டு.

இங்கு கிடைத்தது தாது அன்று. உலோகம் பிரித்தெடுக்கத் தகுந்த கனிமத் திரளே 'தாது'. பழுப்பு நிலக்கரியோ பழங்காலத் தாவரங்கள் மண்ணுள் புதைந்து உருவான எரிபொருள். அதன் மறுபெயரான 'லிக்னைட்', மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். ஆகவே தொலைவுக்கு ஏற்றிச் செல்வதைவிட, சுரங்கத்தருகிலேயே மின் நிலையம் அமைப்பது இலாபகரமானது.

1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகள் பிடித்ததற்குக் காரணம் 'மேற்சுமை'. கனிமப் படலத்தின் மீது கிடக்கும் மண், மணற்பாறை அனைத்தையும் இச்சொல் குறிக்கும். இதை அகற்றிவிட்டு வானம் தெரிய வெட்டுவது 'திறந்தவெளிச் சுரங்கம்'. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அள்ள வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய வாளிச்சக்கர இயந்திரங்களின் பற்களைக் கடலூர் மணற்பாறை விரைவில் தேய்த்துவிட்டது.

அதைவிடக் கடினமான சிக்கல் அடியில் இருந்தது. படலத்தின் கீழே நீர் நிறைந்த மணலடுக்கு உண்டு. இத்தகைய அடுக்கு 'நீர்த்தாங்கு படுகை' எனப்படும். அந்நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான அழுத்தத்தில் மேல்நோக்கி உந்துகிறது. மேற்சுமை இருக்கும்வரை அதன் எடை இந்த உந்துதலை அடக்கி வைத்திருக்கும். அதை அகற்றினால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் புகுந்துவிடும். ஆதலால் ஆழ்குழாய்க் கிணறுகளால் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கின்றனர். சுற்றுப்புற உழவர்கள் தங்கள் கிணற்று நீர்மட்டம் இறங்கியதற்கு இந்த இறைப்பையே காரணமாகச் சொல்கின்றனர்.

'மேற்சுமை' என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. சுரங்கத்தார்க்குச் சுமையாக உள்ள மண்ணில்தான் நெல்லும் முந்திரியும் விளைகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பகுதியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. அந்நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.