சூடேறினாலும் மாறாத உலோகத் துண்டு

அரிசிக்குப் படி இருக்கிறது, துணிக்கு முழம் இருக்கிறது. மின்சாரத்தை விற்க வேண்டுமென்றால் எதை வைத்து அளப்பது? 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் ஓட ஆரம்பித்தபோது, இது வியாபாரமே அடங்கிய கேள்வி.

எடிசன் கண்ட வழி எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். கண்ணாடி ஜாடியில் துத்தநாக சல்பேட் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்னோட்டம் போகப் போக ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் படியும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.22 கிராம். கம்பெனி ஆள் வந்து தகட்டைக் கழற்றிப் போய் எடை போடுவார், அதுதான் பில். மீட்டரில் முள் கிடையாது, எண் கிடையாது. வீட்டுக்காரர் நம்பித்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. வீட்டின் மொத்த மின்னோட்டத்தையும் ஜாடிக்குள் விட முடியாது. அதனால் பெரும்பகுதி, மின்தடை மிகக் குறைந்த ஒரு உலோகப் பட்டை வழியாகப் போகும்; துளியளவுதான் ஜாடிக்கு. அந்தப் பட்டைக்குப் பெயர் ஷண்ட். துளியை எடை போட்டுப் பெருக்கி மொத்தத்தைக் கணக்கிடுகிறோம் என்றால், பட்டையின் மின்தடை கொஞ்சம் மாறினாலும் பில் தப்பாகிவிடும் இல்லையா?

மாறும் என்பதுதான் சிக்கல். ஜியார்க் ஓம் 1827-ல் தன் புத்தகத்தில் சொன்ன விதிப்படி, மின்தடை தெரிந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட்டை அளந்தே மின்னோட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரிக்கு 10 சதவீதம். வெயிலை விடுங்கள், ஓடுகிற மின்னோட்டமே பட்டையைச் சூடாக்கும்.

இதைத் தீர்த்தவர் எட்வர்ட் வெஸ்டன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1880-களின் கடைசியில், சூடு ஏறினாலும் மின்தடை அநேகமாக மாறாத கலப்பு உலோகங்களை உருவாக்கினார். அதில் ஒன்றுதான் மாங்கனின்: பெரும்பகுதி செம்பு, 12 சதவீதம் அளவுக்கு மாங்கனீசு, கொஞ்சம் நிக்கல். அறை வெப்பநிலையை ஒட்டி, டிகிரிக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மாறும்.

ஆனாலும் ஒரு செலவு மிச்சம் இருந்தது. 100 ஆம்பியர் போகும்போது முள்ளை நகர்த்த 50 மில்லிவோல்ட் வேண்டுமென்றால், ஷண்டில் 5 வாட் வெறும் சூடாக வீணாகும். மின்தடையைக் குறைத்தால் வீண் குறையும். ஆனால் கிடைக்கிற வோல்ட்டும் குறைந்து முள் அசையாது. சரி, பெருக்கிக்கொள்ளலாமே? வால்வு ஆம்ப்ளிஃபையரின் பெருக்கம் வால்வு பழசாகப் பழசாக மாறிக்கொண்டே போகும். திரும்பவும் அதே பிரச்சினை, வேறு இடத்தில்.

1927-ல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், தொலைபேசிக் கம்பிகளுக்காக யோசித்த தீர்வு இங்கும் பொருந்தியது. வெளியே வருவதில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிவிட்டால், வால்வின் குணம் எப்படி மாறினாலும் பெருக்கம் பெரிதும் மாறாது. அதைத் தீர்மானிப்பது இரண்டு மின்தடைகளின் விகிதம். ஆம்ப்ளிஃபையரும் கடைசியில் மாறாத மின்தடையிடம்தான் போய் நிற்கிறது!

இன்று பேட்டரியில் ஓடும் சர்க்யூட்களில் 10 மில்லி ஓம் ரெசிஸ்டர் சாதாரணம். 1 ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். வீணாவது 10 மில்லிவாட். 5 மில்லிஆம்பியர் ஓடும்போது கிடைப்பது 50 மைக்ரோவோல்ட். ஆம்ப்ளிஃபையரின் சொந்தப் பிழை அதே அளவு இருந்தால், அளவு இரட்டிப்பாகத் தெரியும். அதை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போவது எங்களைப் போன்றவர்கள் எழுதும் புரோகிராம். பிழையையும் சேர்த்தே கூட்டும், அதற்குத் தெரியாது.

பழைய சார்ஜர் போர்டு கிடைத்தால் பாருங்கள். ‘ஆர்010’ என்று அச்சிட்ட சின்னத் துண்டு ஒன்று இருக்கலாம். அகலமான செம்புப் பாதைகள் மின்னோட்டத்துக்கு. பக்கத்திலிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய கோடுகள் வோல்ட்டை மட்டும் எடுத்துப் போக, ஈயப் பற்றின் மின்தடை கணக்கில் கலக்காமல் இருப்பதற்காக.