லூசி வில்ஸின் ஈஸ்ட் சான்று: ஒரு மறுவாசிப்பு

ஊட்ட ஈஸ்டை உணவு நிரப்பியாகப் பரிந்துரைக்கும் மதிப்பாய்வுகள் பலவற்றில் ஒரே வம்சாவளி திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலேய இரத்தநோய் ஆய்வாளர் லூசி வில்ஸ் 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கி, இன்று நனிசைவ உணவுக்காரர்கள் சாப்பாட்டில் தூவிக்கொள்ளும் மஞ்சள் செதில்கள்வரை ஒரே கோடு இழுக்கப்படுகிறது. இறைச்சி உண்ணாதவர்களின் இரத்தசோகைக்கு ஈஸ்ட் மருந்து என்பது அப்போதே உறுதியாகிவிட்டதாம். வில்ஸின் சான்று வலுவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வைட்டமின் பி12 விஷயத்தில் அது இந்த முடிவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளிடமும், பின்னர் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வில்ஸ் கண்டது, சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்துவிடும் இரத்தசோகை. ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதைச் சான்றாக ஏற்க முடியாது என்பாரும் உண்டு. அந்த மறுப்பு இங்கே எடுபடாது. சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் உள்ளே வலைநூல் படிந்ததுபோல் தெரியும் இளம் சிவப்பணுக்களைத்தான் அன்றைய இரத்த ஆய்வாளர்கள் நாள்தோறும் எண்ணினார்கள். முடங்கிக் கிடந்த எலும்பு மச்சை தனக்குக் குறைவாக இருந்த பொருள் கிடைத்த சில நாட்களில் விழித்துக்கொள்ள, அந்த எண்ணிக்கை சட்டென்று உயர்ந்து பிறகு தணியும். பொதுவான போஷாக்கோ ஓய்வோ இப்படியொரு செங்குத்தான ஏற்றத்தைத் தருவதில்லை. நோயாளியின் முந்தைய நாட்களே அவருக்கு ஒப்பீடாக அமைகின்றன. வில்ஸும் தம் முடிவை அளந்தே சொன்னார்: கல்லீரல் சாற்றுக்கு நிகரான, மலிவான, தாவர உணவுக்காரர்களும் ஏற்கக்கூடிய ஏதோ ஒரு குணப்பொருள் மார்மைட்டில் இருக்கிறது. அது எது என்று அவர் அறுதியிடவில்லை.

அந்தப் பொருள் எதுவாக இருக்க முடியாது என்பதை அவரே பின்னர் காட்டினார். 1930களின் பிற்பகுதியில் பார்பரா எவன்ஸுடன் செய்த ஆய்வில், பி12ஐ உடல் உறிஞ்ச முடியாததால் வரும் பெர்னிஷியஸ் இரத்தசோகையைக் குணப்படுத்திய சுத்திகரித்த கல்லீரல் சாறு, இந்த வெப்பமண்டல இரத்தசோகையில் பலிக்கவில்லை. சுத்திகரிக்காத சாறு பலித்தது. சுத்திகரிப்பில் தங்கியது பின்னாளில் பி12 என்று அறியப்பட்ட பொருள். கழிந்துபோனது, ஈஸ்டிலும் இருக்கும் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்). 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து ஃபோலிக் அமிலமும், 1948இல் கல்லீரலிலிருந்து பி12உம் பிரித்தெடுக்கப்பட்டபோது இந்தப் பிளவு வேதியியலாகவும் உறுதிப்பட்டது. அந்த நோயாளிகளுக்கு பி12 குறைபாடும் இருந்திருக்கலாமே, மிகுதியான ஃபோலேட் அதையும் ஓரளவு மறைத்திருக்குமே என்று கேட்கலாம். சிலருக்கு இருந்திருக்கக்கூடும். ஆனால் அதுவே முதன்மைக் காரணமாக இருந்திருந்தால் சுத்திகரித்த சாறு கைகொடுத்திருக்க வேண்டும். ஆகவே வில்ஸின் ஈஸ்ட் நிரூபித்தது ஃபோலேட்டை. பி12 கணக்கில் அதை வரவு வைக்க இடமில்லை.

இந்த இடத்தில்தான் 2000ஆம் ஆண்டு வெளியான டொனால்ட்சனின் ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பாலும் சமைக்காத நனிசைவ உணவு உண்ட 49 பேரில் 23 பேருக்குச் சிறுநீரில் மெத்தில்மலோனிக் அமிலம் மிகுந்திருந்தது. பி12 போதாமையின் அடையாளம் அது. நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் ஊட்ட ஈஸ்டும் அந்த அளவைக் குறைத்தன, புரோபயாட்டிக் குறைக்கவில்லை. ஆனால் கொடுக்கப்பட்டது பி12 சேர்த்துச் செறிவூட்டிய ஈஸ்ட். செறிவூட்டாத ஈஸ்ட் உண்ட குழு அங்கே இல்லை. இருந்திருந்தாலும் விடை பெரிதாக மாறியிருக்காது என்றே கருதுகிறேன்: பி12ஐ உருவாக்குவது சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே, ஈஸ்டுக்கு அந்தத் திறன் கிடையாது. எனவே ஈஸ்ட் அங்கே மாத்திரைக்குப் பதிலான ஏந்துபொருள்.

இரண்டு சான்றும் தனித்தனியே நிற்கக்கூடியவை. ஒரே அட்டவணையில் ‘ஈஸ்ட்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும்போதுதான் எந்த ஆய்வும் காட்டாத ஒரு முடிவு பிறக்கிறது: செறிவூட்டாத ஈஸ்டும் பி12 தரும் என்பது. பி12 குறைபாடு பரவலாக உள்ள இந்தியச் சைவக் குடும்பங்களில் இது ஏட்டுப் பிழையாக நின்றுவிடாது. நாளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி ஈஸ்டில் உள்ள ஃபோலேட் மட்டுமே பி12 குறைபாட்டை மறைத்துவிடும் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் ஃபோலேட் போதிய அளவில் சேர்ந்தால் இரத்தம் தேறியதுபோல் காட்ட, நரம்புச் சிதைவு தொடரும் என்பது 1940களின் இறுதியிலேயே மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டது. இனி எழுதப்படும் மதிப்பாய்வுகள் செறிவூட்டிய ஈஸ்டையும் செறிவூட்டாததையும் வெவ்வேறு அட்டவணைகளில் வைக்கட்டும். முதலாவதில் ஒவ்வொரு ஆய்வுக்கும் எதிரே எத்தனை மைக்ரோகிராம் பி12 சேர்க்கப்பட்டது என்ற பத்தியும் இருக்கட்டும்.