உணவுவழி இரத்தச் சர்க்கரைக் கணிப்பு (வைஸ்மன் ஆய்வு)

ஒருவர் உண்ணப்போகும் உணவு அவருடைய இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்பதைக் கணினி கொண்டு முன்கூட்டியே கணிக்க முயன்ற ஆய்வு. இஸ்ரேலின் ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில், கணிப்பு உயிரியலாளர் எரான் சீகலும் மருத்துவரும் நோயெதிர்ப்பியலாளருமான எரான் எலினாவும் இதை வழிநடத்தினர். முடிவுகள் 2015 நவம்பரில் 'செல்' இதழில் வெளிவந்தன.

அதுவரை உணவுகளைத் தரம்பிரிக்க உதவியது கிளைசெமிக் குறியீடு. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981இல் உருவாக்கிய இந்த எண், சிலருக்கு ஓர் உணவைக் கொடுத்து அளந்து எடுத்த சராசரி. தனி ஆளுக்கு அது பொருந்துமா என்பதே வைஸ்மன் குழு எழுப்பிய கேள்வி.

சர்க்கரை நோய் இல்லாத 800 பேரின் உடலில் ஒரு வாரத்துக்குச் சென்சார் பொருத்தப்பட்டது. அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்தது. சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் அவர்கள் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள்; இரத்தப் பரிசோதனையும் குடல் நுண்ணுயிரிகளை அறிய மலப் பரிசோதனையும் நடந்தன. இப்படிச் சேர்ந்த 46,898 சாப்பாட்டு வேளைகள்தாம் ஆய்வின் உண்மையான சொத்து. காலை உணவாக 50 கிராம் மாவுச்சத்துள்ள ஒரே அளவு ரொட்டியைத் தந்தபோதும் ஆளுக்கு ஆள் ஏற்றம் பெரிதும் மாறியது. ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை ஏற்றியது, பிஸ்கட் ஏற்றவில்லை, இன்னொருவருக்கு நேர்மாறு.

இந்தத் தரவைக் கொண்டு, ஆயிரக்கணக்கான சிறு முடிவு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முந்தைய மரம் விட்ட பிழையை அடுத்தது திருத்தும் கணிப்பு மாதிரி உருவாக்கப்பட்டது. உணவின் மாவுச்சத்தை மட்டும் வைத்துக் கணித்தால், அளந்த ஏற்றத்தோடு ஒட்டுறவு 0.38, இந்த மாதிரிக்கு 0.68. புதிதாகச் சேர்த்த 100 பேரிடமும் அது ஏறக்குறைய அப்படியே நின்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால், ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேல் அப்போதும் விளக்கப்படவில்லை என்பதை இதுபற்றிய செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்து 26 பேருக்கு ஒரு வாரம், சர்க்கரையைக் குறைவாக ஏற்றும் 'நல்ல' உணவும் ஒரு வாரம், அதிகமாக ஏற்றும் 'கெட்ட' உணவும் தரப்பட்டன. சிலருக்குக் கணினியும், மற்றவர்களுக்கு அவர்களுடைய சென்சார் அளவுகளைப் பார்த்து உணவியல் நிபுணரும் பட்டியல் போட்டனர். இரு தரப்பிலும் 'நல்ல' வாரத்தில் சர்க்கரை தணிந்தது. ஒருவருக்கு நல்லதென்று வந்த உணவே இன்னொருவரின் கெட்ட பட்டியலில் இருந்தது.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 225 பேரிடம் நடத்திய 6 மாதச் சோதனை 2021இல் வெளியானது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இந்தக் கணிப்பின்படி அமைத்த தனிநபர் உணவுமுறையில் 0.16 புள்ளியும் மத்தியதரைக்கடல் உணவுமுறையில் 0.08 புள்ளியும் குறைந்தது. முதல் குழுவினர் மாவுச்சத்தையும் குறைவாகவே சாப்பிட்டார்கள். ஆகவே பலன் கணிப்பால் வந்ததா, மாவுச்சத்துக் குறைந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதைவிட அடிப்படையான ஐயம் 2025இல் எழுந்தது. சர்க்கரை நோயற்றவர்களுக்கு ஒரு சாப்பாட்டையே ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்து, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அளந்தனர். ஒரே ஆளின் இரு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடு, வெவ்வேறு சாப்பாடுகளுக்கு இடையே காணும் வேறுபாட்டை ஒத்திருந்தது. வைஸ்மன் குழுவோ ஒரே காலை உணவை இரு நாள் கொடுத்து, ஒரே ஆளிடம் ஏற்றம் நன்றாகவே ஒத்துவருவதாகக் கண்டிருந்தது. இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.