நீச்சலுடைக்கு அளவெடுத்தவர்: ரோஸ் மேரி ரீட்

1930களில் வட அமெரிக்கக் கடைகளில் விற்ற நீச்சலுடைகள் பெரும்பாலும் கம்பளி நூலில் பின்னப்பட்டவை. தண்ணீரில் இறங்கியதும் கம்பளி நீரைக் குடித்துக் கனக்கும், கரையேறும்போது தொய்ந்து தொங்கும், லேசில் காயாது. கனடாவின் வான்கூவரில் நீச்சல் கற்றுக்கொடுத்துவந்த ஜாக் ரீடுக்கு இது தீராத தொல்லையாக இருந்தது. அவருடைய மனைவி ரோஸ் மேரி, கெட்டிப் பருத்தித் துணியை வெட்டி, இரு பக்கமும் நாடா கோத்து ஒரு நீச்சலுடை தைத்துக் கொடுத்தார். பின்னல் துணி நெகிழ்ந்து உடம்போடு ஒட்டும். நெய்த துணிக்கு அந்தக் குணம் இல்லை. நாடாவை இழுத்துக் கட்டியதில் அந்தக் குறை தீர்ந்தது. பெரிய தொழில் ஒன்றுக்கு அந்த ஓர் உடை பிள்ளையார் சுழி போட்டது.

ரோஸ் மேரி 1906இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் கார்ட்ஸ்டன் என்ற ஊரில், மார்மன் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். தையல் அவருக்குச் சிறுவயதிலேயே கைவந்தது. வான்கூவரின் ஹட்சன்ஸ் பே அங்காடி அவருடைய நீச்சலுடைகளுக்கு ஆர்டர் தர, 'ரீட்ஸ் ஹாலிடே டாக்ஸ்' என்ற நிறுவனம் உருவானது. பத்தாண்டுகளுக்குள் அது கனடாவின் முன்னணி நீச்சலுடை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

1946 அவருடைய வாழ்க்கையில் திருப்புமுனை. மணவாழ்க்கை முறிந்தது, தொழில் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பாரிஸில் வடிவமைப்பாளர் லூயி ரெயார் தமது பிகினியை அறிமுகப்படுத்தினார். துணியைக் குறைப்பது ரெயாரின் வழி. ரோஸ் மேரியோ துணிக்குள் என்னென்ன வேலை செய்யலாம் என்று பார்த்தார்.

ரப்பர் இழையின்மேல் நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. அந்த நெகிழ்வை நம்பிச் சில அளவுகளோடு நிறுத்திக்கொள்வது பல தயாரிப்பாளர்களுக்கு வசதியாக இருந்தது. ரோஸ் மேரி அதை ஏற்கவில்லை. கவுன் வாங்கும் பெண்ணுக்கு என்னென்ன அளவுகள் கிடைக்குமோ, அத்தனையும் நீச்சலுடையிலும் கிடைக்க வேண்டும் என்றார். மார்பு பெருத்தவர், இடுப்பு அகன்றவர், வயிறு தள்ளியவர் என ஒவ்வோர் உடல்வாகுக்கும் வெட்டை மாற்றினார். உடையைப் புரட்டிப் பார்த்தால்தான் அவருடைய கைத்திறன் தெரியும். உள்ளேயே தைத்த பிரா, வயிற்றை அமுக்கிப் பிடிக்கும் பட்டை, தொடைப்பகுதி மேலே ஏறாதபடி பிடித்துக்கொள்ளும் எலாஸ்டிக் எல்லாம் வெளிப்பார்வைக்குத் தெரியாமல் அடங்கியிருக்கும். இத்தகைய அமைப்புகள் சிலவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார்.

பெண்ணுடலை இறுக்கிய கார்செட்டையே அவர் தண்ணீருக்குள் கொண்டுவந்தார் என்று இன்று சொல்லலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மெலிந்த இளம்பெண்களையே மனதில் வைத்து நீச்சலுடை விற்ற காலத்தில், பிள்ளை பெற்றவளும் நடுவயதுக்காரியும் கூச்சமின்றிக் கடற்கரைக்குப் போக வழிசெய்தவர் அவர். அவருடைய சாதனை இதுதான். ஹாலிவுட் புகழ் இதற்கு அடுத்ததே.

புகழுக்கும் குறைவில்லை. ரீட்டா ஹேவொர்த் போன்ற நட்சத்திரங்கள் அவருடைய நீச்சலுடைகளை அணிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதழ் 1955இல் அவரை ஆண்டின் சிறந்த பெண்மணிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 1950களின் இறுதிக்குள் அவருடைய பெயர் தாங்கிய உடைகள் அமெரிக்காவுக்கு வெளியிலும் பல நாடுகளில் விற்றன.

1960களில் இளைய தலைமுறை பிகினிக்கு மாறியது. அடக்கமான உடை என்பது ரோஸ் மேரிக்குச் சமய நம்பிக்கையோடு பிணைந்த விஷயம். பிகினி வடிவமைக்க அவர் மறுத்துவிட்டார். சந்தை ஒருபக்கமும் அவருடைய மனம் மறுபக்கமும் இழுக்க, அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1978 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் காலமானார். அவருடைய ஆவணங்கள் அங்குள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.