இரண்டு கோடுகள்

சமக்குறியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ரெக்கார்ட். வேல்ஸ்காரர், தொழிலில் டாக்டர். 1557ல் வந்த தன்னுடைய அல்ஜீப்ரா புத்தகத்தில், ‘இது அதற்குச் சமம்’ என்று வரிக்கு வரி எழுதிச் சலித்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மறு வருஷம் லண்டனில் சிறையில் இறந்துபோனார்.

அந்தக் குறியில் எனக்குப் பிடித்த விஷயம், அதில் இரண்டு கோடுகள் இருப்பது. ஒன்று மேலே, ஒன்று கீழே. இடம் வேறு, அளவு ஒன்று. 438 வருஷம் கழித்து ஜாவா மொழி இந்தக் குறியை இரட்டிப்பாக்கி, ஆப்ஜெக்ட்டுகளைப் பார்த்து ‘நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலயா இருக்கீங்க?’ என்று கேட்க வைத்தது. ரெக்கார்டின் கோடுகளிடமே கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

புரோகிராமிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு பேங்க் கணக்கு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஜாயின்ட் அக்கவுண்ட், இரண்டு ஏடிஎம் கார்டு. அவர் ஆயிரம் எடுத்தால் இவங்க பேலன்ஸும் குறையும். பக்கத்து வீட்டு அண்ணன் அக்கவுண்ட்டிலும் அதே பேலன்ஸ் இருக்கலாம். இங்கே எடுத்தால் அங்கே குறையாது. முதலாவதில் பொருளே ஒன்று, இரண்டாவதில் மதிப்பு மட்டும் ஒன்று. மெமரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி ஒன்றா என்பது ஒரு கேள்வி, உள்ளே இருப்பது ஒன்றா என்பது வேறு கேள்வி.

இந்த வேறுபாடு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. ஜான் மெக்கார்த்தி 1960ல் வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையில் ‘ஈக்யூ’ என்ற சோதனை உடைக்க முடியாத பெயர்களுக்கு மட்டும்தான். பட்டியல்களுக்கு ‘ஈக்வல்’, அது உள்ளே இறங்கி ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே போகும். அன்றைய ஐபிஎம் 704 எந்திரத்தில் முகவரி என்பது வெறும் 15 பிட். இரண்டு முகவரிகளை ஒப்பிடுவது சொடக்குப் போடுகிற நேரம். அதனால் லிஸ்ப் ஒரு தந்திரம் செய்தது: ஒரு பெயர் எத்தனை தடவை வந்தாலும் மெமரியில் அதற்கு ஒரே பிரதி. பெயர் ஒன்று என்றால் முகவரியும் ஒன்று, முகவரியைப் பார்த்தால் போதும். இந்தத் தந்திரத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 இதை இன்னும் அழகாகச் செய்தது. மதிப்பை ஒப்பிட ஒற்றைச் சமக்குறி, முகவரியை ஒப்பிட இரட்டைச் சமக்குறி. ஆப்ஜெக்ட் என்ற சிந்தனையே இந்த மொழியிலிருந்துதான் கிளம்பியது. எந்தக் கேள்வி கேட்கிறோம் என்பது எழுதும்போதே கண்ணில் படும். எனக்கு இன்றைக்கும் இதுதான் நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

பிறகு சி வந்தது. அதில் ஒற்றைச் சமக்குறி ‘இதில் அதைப் போடு’ என்ற கட்டளைக்குப் போய்விட்டது. ஒப்பிடுவதற்கு மிஞ்சியது இரட்டை மட்டும். ஆனாலும் சி ஏமாற்றவில்லை. முகவரியைத்தான் கையில் வைத்திருக்கிறோம் என்பது நட்சத்திரக் குறியோடு பளிச்சென்று தெரியும்; ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடத் தனியாக ஒரு ஃபங்ஷன் உண்டு.

1995ல் ஜாவா, சி எழுதிப் பழகிய கைகளுக்கு வசதியாக அதே குறிகளை எடுத்துக்கொண்டது. முகவரியைக் கண்ணிலிருந்து மறைத்தது. முகவரியை ஒப்பிடுகிற குறியை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. சுருக்கமான, கைக்குச் சட்டென்று வரும் குறி முகவரிக்கு. எல்லோருக்கும் அன்றாடம் தேவைப்படும் மதிப்பு ஒப்பீட்டுக்கு ‘ஈக்வல்ஸ்’ என்று ஒரு நீளமான அழைப்பு. போதாததற்கு லிஸ்ப்பின் பழைய தந்திரமும் உள்ளே இருக்கிறது. கோடில் நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்குகளுக்கு ஜாவா ஒரே பிரதிதான் வைக்கும். அதனால் தவறான குறியைப் போட்டாலும் பல சமயம் சரியான விடை வந்துவிடும். பயனர் தட்டச்சு செய்த ஸ்ட்ரிங் வந்து சேரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

2004ல் வந்த ஜாவா 5ல் கதை இன்னும் மோசம். சாதாரண எண்கள் தேவைப்படும் இடத்தில் தானாகவே ‘இன்டீஜர்’ ஆப்ஜெக்ட்டுகளாக மாறத் தொடங்கின. -128 முதல் 127 வரை ஒரே பிரதியைத் திருப்பித் தருவதாக மொழியின் விதியே சொல்கிறது. 127ஐயும் 127ஐயும் இரட்டைக் குறியால் ஒப்பிட்டால் சமம். 128ஐயும் 128ஐயும் ஒப்பிட்டால் பெரும்பாலும் சமமில்லை. டெஸ்ட் பண்ணும்போது நாம போடுறது 5, 10, 42 மாதிரி சின்ன நம்பர்தானே? எல்லாம் பச்சை விளக்குதான். 128வது ஆர்டர் வரும் நாளில் எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒருத்தர் ராத்திரி வீட்டுக்குப் போகமாட்டார்.

பின்னால் வந்தவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஜாவாவோடு ஒட்டி வாழும் காட்லின் இரட்டைக் குறியை மதிப்புக்குத் திருப்பிக் கொடுத்தது. முகவரிக்கு மூன்று சமக்குறி. பைத்தானில் முகவரிக்கு ‘இஸ்’ என்று தனிச்சொல். அங்கேயும் அதை எண்களுக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய, 2019ல் வந்த 3.8லிருந்து மொழியே எச்சரிக்கிறது.

ஹென்றி பேக்கர் 1993ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதன் வேரைத் தொட்டிருக்கிறார். மாறக்கூடிய பொருளுக்குத்தான் தனி அடையாளம் அவசியம் என்பது அவர் வாதம். அக்கவுண்ட் மாறும், அதனால் எந்த அக்கவுண்ட் என்பது முக்கியம். 128 என்ற எண் மாறவே மாறாது. ‘எந்த 128?’ என்று கேட்பதில் என்ன இருக்கு?

மதிப்பைப் பார்ப்பது என்று முடிவெடுத்தாலும் சிக்கல் அதோடு தீர்வதில்லை. நம்ம ‘கொ’வையே எடுத்துக்கங்க. யூனிகோடில் அதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களில் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று எண்களிலும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஜாவாவின் ‘ஈக்வல்ஸ்’ ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டு, இரண்டும் வேறு என்று சொல்லும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத வரை, கொடைக்கானல் என்று ஒருத்தர் சேமித்ததை, கொடைக்கானல் என்று இன்னொருத்தர் தேடினால் கிடைக்காது.