கடலை வீட்டுக்குக் கொண்டு வர்றீங்களா? முதல்ல தண்ணியை ஓட விடுங்க!

கடலூர் சில்வர் பீச்சில் முழங்கால் ஆழத்தில் நின்னு பார்த்திருக்கீங்களா? ஓர் அலை உங்களைக் கரைப்பக்கம் தள்ளும். அது திரும்பும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் அலை கிடையாது. ஆனால் அங்கேயும் ஓதம் ஏறும்போது வாய்க்காலுக்குள் நீர் வரும். வற்றும்போது வெளியே போகும். கடல் நீர் ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லை.

வீட்டில் கடல் மீன்தொட்டி வைக்கிற பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நீல விளக்கு, விலை உயர்ந்த உப்பு, 'நீமோ' மீன் என்று எல்லாம் வாங்கிவிட்டு, நீரோட்டத்துக்கு மூலையில் ஒரு சின்ன மோட்டாரோடு நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் பாறை மேல் சிவப்புப் பாசி படரும், தொட்டி நாறும். 'நமக்கு இது செட் ஆகாது'ன்னு தொட்டியை விற்றுவிடுவார்கள்.

ஓட்டம் எதுக்கு?

மீனுக்குப் பசித்தால் நீந்திப் போய்ச் சாப்பிடும். பவள உயிரி இருந்த இடத்தை விட்டு நகராது. உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வரணும். அதன் கழிவும், உடம்பில் சுரக்கும் கொழகொழப்பும் அடித்துக்கொண்டு போகணும். நீர் தேங்கினால் அதன் மேல் அசையாத மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். கழிவு வெளியேறாது, புதுக் காற்றும் உள்ளே போகாது. சுற்றிலும் நல்ல தண்ணீர் இருந்தும் மூச்சு முட்டும் நிலைமை அது.

இன்னொரு வேலையும் உண்டு. நீரின் மேற்பரப்பு கலங்கினால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையும். நீர் சூடாக ஆக, ஆக்சிஜன் கரைவது குறையும். அதனால் நம்ம ஊர் கத்திரி வெயிலில் நீரோட்டம் ரொம்பவே முக்கியம்.

எவ்வளவு வேணும்?

கணக்கு எளிது. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். மீன்களும் மென்பவளங்களும் மட்டும் என்றால், மணிக்குத் தொட்டி கொள்ளளவைப் போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும். அதாவது 1,900 முதல் 3,800 லிட்டர். இது பொதுவான வழிகாட்டிதான். உயிரினத்துக்கு ஏற்ப மாறும்.

இதை ஒரே மோட்டாரில் முடிக்க நினைக்காதீங்க. தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் நீரை மேலே ஏற்றும் பம்ப், கொள்ளளவைப் போல் 3 முதல் 5 மடங்கு தள்ளினால் போதும். மீதியை வேவ்மேக்கர்கள் பார்த்துக்கொள்ளும். 4,000 லிட்டரில் ஒன்று வாங்குவதைவிட, 2,000 லிட்டரில் இரண்டு வாங்குங்க. ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று காப்பாற்றும். பெட்டியில் போட்டிருக்கும் எண், பம்ப் புதுசாக, எந்தத் தடையும் இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. உயரம் ஏற ஏற, அழுக்கு சேரச் சேர அது குறையும்.

எங்கே மாட்டணும்?

ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் அடிக்கும் நீர் பவளத்தின் சதையையே கிழித்துவிடும். கடலில் நீர் முன்னும் பின்னுமாகப் போகும், சுழலும், சட்டென்று தணியும். அதனால்:

● இரண்டு வேவ்மேக்கர்களையும் இரு பக்கக் கண்ணாடியில் மாட்டி, நீர் நடுவில் மோதிச் சிதறும்படி வையுங்க. மாற்றி மாற்றி ஓடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

● ஒன்றைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்க. மேற்பரப்பு மெதுவாக நெளியணும், தெறிக்கக் கூடாது.

● பாறைகளைச் சுவர் மாதிரி அடுக்காதீங்க. பின்பக்கமும் இடுக்கிலும் நீர் நுழைய வழி விடுங்க.

● கடல் சாமந்தி வளர்த்தால் பம்ப்புக்கு வலைமூடி கட்டாயம். அது நகரும், நகர்ந்து போய் விசிறியில் சிக்கினால் அதுவும் போகும், தொட்டி நீரும் கெடும்.

சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

மீன் உணவை ஒரு சிட்டிகை போட்டு, அது போகும் பாதையைக் கவனியுங்க. எங்கே போய்த் தேங்குதோ, அதுதான் செத்த மூலை. சிவப்புப் பாசி பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பவளத்தின் விரல்கள் வயலில் நெற்பயிர் அசைவதுபோல் இப்படியும் அப்படியும் ஆடினால் ஓட்டம் சரி. ஒரே பக்கம் சாய்ந்தே கிடந்தாலோ, சுருங்கியே இருந்தாலோ வேகம் அதிகம். மேலே தூசி படிந்தால் வேகம் குறைவு. மணல் பறந்து குழி விழுந்தால் பம்ப்பைக் கொஞ்சம் உயர்த்துங்க. ஒரு மாற்றம் செய்தால் சில நாள் பொறுத்துப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்க. சுண்ணாம்புப் படிவு போய்விடும், பழைய வேகம் திரும்பும்.

கரன்ட் போனா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்க மாட்டாங்க. அப்படியொரு நாளில் மீன் நிறைந்த தொட்டி சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கும்.

விளக்கு ஒரு நாள் எரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது ஒரு வேவ்மேக்கரை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் கைவசம் வையுங்க. கரன்ட் இல்லாத நேரத்தில் உணவு போடாதீங்க. எதுவுமே இல்லையா? சுத்தமான மக்கில் தொட்டி நீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்க. கை வலிக்கும்தான். ஆனால் மீன் பிழைக்கும்.

வாங்கும் முன் ஒரு நிமிஷம்

கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலிக்குரிய அதே முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 'மன்னார் வளைகுடா பீஸ், யாருக்கும் தெரியாது'ன்னு யாராவது காட்டினால் தொடாதீங்க. பாறைக்குச் செயற்கைப் பீங்கான் பாறைகள் போதும். மென்பவளம் வாங்கினாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீது வாங்குங்க.

மீன் விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல், தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் நம் வீட்டுச் சூழலுக்குச் சீக்கிரம் பழகும்; கடலிலும் ஒரு மீன் மிச்சம்.

அதனால் இந்த வாரம் புது மீன் வாங்க வேண்டாம். இருக்கிற தொட்டி முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உணவு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாருங்க. எந்த பம்ப்பை எந்தப் பக்கம் திருப்பணும்னு அதுவே சொல்லிடும்.