வாசகர்கள் ஏற்க மாட்டார்கள்

போன மே மாதம் வீடு மாற வேண்டியிருந்தது. புனேவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இது ஐந்தாவது வீடு. புரோக்கர்களின் பாஷையெல்லாம் அத்துப்படி. ஒரு வீடு எல்லோருக்கும் பிடித்துப் போய், அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், நான்-வெஜ் சமைப்பீர்களா என்று. பொய் சொல்ல மனசு வரவில்லை. மனிதர் தங்கமானவர், டீ எல்லாம் கொடுத்தார். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை சார், நானே வெளியில போனா சாப்பிடறவன்தான். சொசைட்டியில மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க, அதான்" என்றார் ஹிந்தியில். வெளியூரில் வீடு தேடிய நம்மவர்கள் யாருக்கும் இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை.

அன்று ராத்திரி என் பழைய டிவிடி பெட்டியிலிருந்து ஒரு எபிசோடை எடுத்துப் போட்டேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. என் மகள் (பதினாலு வயசு) முதல் தடவையாகக் கூட உட்கார்ந்து பார்த்தாள்.

ஸ்டார் ட்ரெக் வரிசையில் "டீப் ஸ்பேஸ் நைன்" என்று ஒரு தொடர், 1993 முதல் 1999 வரை அமெரிக்காவில் வந்தது. ஒரு விண்வெளி நிலையம், அதற்குத் தலைவர் பெஞ்சமின் சிஸ்கோ. ஸ்டார் ட்ரெக்கில் கறுப்பர் ஒருவர் நாயகனாக வந்தது அதுதான் முதல் தடவை. நடித்தவர் ஏவரி ப்ரூக்ஸ். நான் சொல்லும் எபிசோட் 1998 பிப்ரவரியில் வந்த "ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்". இயக்கியதும் ஏவரி ப்ரூக்ஸேதான்.

தொடரைப் பார்த்ததே இல்லையா? பரவாயில்லை, கதைக்கு அது தேவைப்படாது. போரில் நண்பனைப் பறிகொடுத்து, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிஸ்கோவுக்குத் திடீரென்று பிரமை மாதிரி ஏதோ வருகிறது. கண் திறந்தால் 1953, நியூயார்க். அவர் இப்போது பென்னி ரஸ்ஸல். "இன்க்ரெடிபிள் டேல்ஸ்" என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் எழுத்தாளர். ஆபீஸில் உள்ள மற்றவர்கள் எல்லாம் நிலையத்தில் அவரோடு வேலை பார்ப்பவர்களே. அங்கே ரப்பர் மூக்கும் பெரிய காதும் நெற்றி மடிப்புமாக இருந்தவர்கள், இங்கே மேக்கப் இல்லாமல் சொந்த முகத்தோடு டைப்ரைட்டர் தட்டுகிறார்கள். நாலு நூற்றாண்டுக்குப் பிறகு அத்தனை விதமான முகங்களோடும் ஒரே மேஜையில் உட்கார முடிந்தவர்களுக்கு, மனிதர்களாக ஆனதும் தோலின் நிறம் ஒன்றே தாங்கமுடியாததாகிவிடுகிறது. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. பார்க்கிற நமக்கே உறைக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒரு சின்னக் காட்சி. எழுத்தாளர்களின் புகைப்படத்தை வாசகர்கள் கேட்கிறார்கள், அடுத்த இதழில் போடப்போகிறோம் என்கிறார் ஆசிரியர் பாப்ஸ்ட். கே என்ற பெண் எழுத்தாளர் உடனே புரிந்துகொண்டு, படம் எடுக்கிற அன்றைக்கு நான் கொஞ்சம் தாமதமாக எழுந்திருக்கிறேன் என்கிறார். அவர் எழுதுவது ஆண் பெயர் போலத் தொனிக்கும் இனிஷியல்களில். அவர் பெண் என்பது வாசகர்களுக்குத் தெரியாது. ஆசிரியர் பென்னியையும் பார்க்கிறார். பென்னியும் அன்றைக்குத் தூங்கியாக வேண்டும்.

அப்புறம் பென்னி ஒரு கதை எழுதுகிறார். எதிர்காலத்தில் ஒரு விண்வெளி நிலையம், அதற்குத் தலைவர் சிஸ்கோ என்ற கறுப்பர். ஆபீஸில் எல்லோருக்கும் கதை பிடித்திருக்கிறது. பாப்ஸ்ட்டுக்கும்தான். ஆனால் போட முடியாது, ஜனங்கள் நம்ப மாட்டார்கள், ஏற்க மாட்டார்கள் என்கிறார். கடைசியில் ஒரு சமரசம்: முழுக்கதையும் ஒரு கனவு என்று முடித்துவிட்டால் போடலாம். பென்னி சம்மதிக்கிறார். அதையும் முதலாளி அச்சடித்த பிறகு மொத்த இதழோடு அழித்துவிடுகிறார், பென்னிக்கு வேலையும் போகிறது. அதற்கப்புறம் ஏவரி ப்ரூக்ஸ் அந்த ஆபீஸ் நடுவில் உடைந்து அழும் காட்சி இருக்கிறதே... கொஞ்சம் அதிகமாக நடித்துவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மகள் கேட்டாள்: "அப்பா, அந்த எடிட்டர் நல்லவரா, கெட்டவரா?"

பதில் சொல்வதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருந்தது.

பாப்ஸ்ட்டைப் பார்க்கும்போது இந்தத் துறை தெரிந்தவர்களுக்கு ஜான் கேம்பெல் ஞாபகம் வராமல் இருக்காது. 1937-ல் "அஸ்டவுண்டிங்" பத்திரிகைக்கு ஆசிரியராகி, 1971-ல் சாகும் வரை அதே நாற்காலியில் இருந்தவர். (பத்திரிகையின் பெயர் நடுவில் "அனலாக்" என்று மாறியது.) அசிமோவையும் ஹைன்லைனையும் வளர்த்துவிட்டவர் அவர்தான். அமெரிக்க அறிவியல் புனைகதைக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது.

1967-ல் அவரிடம் ஒரு நாவல் போனது, தொடராக வெளியிட முடியுமா என்று. பெயர் "நோவா". எழுதியவர் சாமுவேல் டிலேனி, ஹார்லெமில் பிறந்த கறுப்பர், அப்போது வயது இருபத்தைந்து. அதற்குள் நெபுலா பரிசு வாங்கியாயிற்று. நாவலின் நாயகனுக்கு ஆப்பிரிக்கத் தாய். கேம்பெல் டிலேனியின் ஏஜெண்டைப் போனில் கூப்பிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கறுப்பன் ஒருவன் முக்கியப் பாத்திரமாக இருந்தால் என் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று சொல்லிவிட்டார். டிலேனி இந்தத் துறையின் இனவாதத்தைப் பற்றி ஒரு கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை வந்தது 1998 ஆகஸ்டில், பென்னி ரஸ்ஸல் டிவியில் அழுது ஆறு மாதம் கழித்து!

வாசகர்களால் ஒன்ற முடியவில்லையா? 1968-ல் "நோவா" புத்தகமாக வந்தது. மறுவருஷம் ஹ்யூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது. ஹ்யூகோ என்பது நிபுணர் குழு உட்கார்ந்து கொடுக்கிற விருது இல்லை, வாசகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. கேம்பெல் யாரைக் காரணம் காட்டினாரோ, அவர்களேதான். கேம்பெலோ அறுபதுகளில் தன் தலையங்கங்களில் அடிமை முறைக்கே வக்காலத்து வாங்கியவர். அப்படியானால் அந்தப் போனில் பேசியது யாருடைய மனசு?

இன்னொன்று. பென்னி கதை எழுதியதாகக் காட்டப்படும் அதே 1953-ல், நிஜமாகவே அப்படி ஒரு கதை வெளிவந்தது. ஈ.சி. காமிக்ஸ் என்ற நிறுவனத்தின் "வியர்ட் ஃபேன்டசி" இதழில், "ஜட்ஜ்மென்ட் டே" என்று. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஒர்லாண்டோ. ரோபோக்கள் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒருவர் சோதனையிட வருகிறார். அங்கே ஆரஞ்சு ரோபோக்களுக்கு ஒரு நியாயம், நீல ரோபோக்களுக்கு ஒரு நியாயம். பஸ்ஸில்கூட நீலத்துக்குப் பின்சீட்தான். உள்ளே இருக்கும் பாகங்களோ இரண்டுக்கும் ஒன்றே. விண்மீன் குடியரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்: கறுப்பு முகம், நெற்றியில் நட்சத்திரம் மாதிரி வியர்வைத் துளிகள். ரே பிராட்பரி பாராட்டிக் கடிதமே எழுதினார்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, காமிக்ஸுக்குத் தணிக்கை வந்துவிட்டது. அரசாங்கத் தணிக்கை இல்லை. அரசாங்கம் தலையிடும் என்று பயந்து பதிப்பாளர்களே வைத்துக்கொண்ட தணிக்கை. 1956-ல் வந்த இதழ் ஒன்றில் அதே கதையை மறுபடி போட முயன்றபோது, தணிக்கை அதிகாரி சார்ல்ஸ் மர்ஃபி, அந்த விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். கதையே அதுதானே ஐயா என்று கேட்டால் என்ன சொல்வது? பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் கொதித்துப்போய், ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். சரி, அந்த வியர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்று இறங்கி வந்தார்கள்! அதற்கும் மாட்டேன் என்று அப்படியே அச்சடித்தார் கெய்ன்ஸ். ஈ.சி.யின் கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். பாப்ஸ்ட் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கெய்ன்ஸ் ஞாபகம் வருகிறார். அவரும் வியாபாரிதான், அவருக்கும் நஷ்டம் பயம் உண்டு.

கே மாதிரியான பெண்களும் நிஜத்தில் இருந்தார்கள். சி.எல். மூர் என்பது கேத்தரின் லூசில் மூர். அந்த இனிஷியல்கள், தான் எழுதுவது வேலை பார்த்த பேங்குக்குத் தெரியாமல் இருப்பதற்காக என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவரை ஆண் என்றே நினைத்து ரசிகர் கடிதம் போட்ட ஹென்றி கட்னர், பிற்பாடு அவரையே கல்யாணம் செய்துகொண்டார். ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடரிலேயே டி.சி. ஃபான்டானா என்று பெயர் ஓடுமே, அது டோரதி. (பெயரில் இனிஷியலைத் தவிர வேறொன்றும் இல்லாத நமக்கு இது புதுசாகத் தோன்றாது.)

நான் அந்த முதல் தொடரைப் பார்த்தது எண்பதுகளில், ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில். வசனம் பாதி புரியாது. ஆனால் கப்பல் மேடையில், காதில் கருவியோடு உட்கார்ந்திருக்கும் உஹுராவை மறக்க முடியாது. நிஷெல் நிக்கல்ஸ். முதல் சீசன் முடிந்ததும் வேலையை விட நினைத்தவரைத் தடுத்தது மார்ட்டின் லூதர் கிங். எங்கள் வீட்டில் இந்தத் தொடர் ஒன்றைத்தான் குழந்தைகளைப் பார்க்க விடுவோம் என்று சொன்னாராம். 1977-ல் நாசா அந்த நிக்கல்ஸையே, விண்வெளி வீரர் வேலைக்குப் பெண்களையும் கறுப்பர்களையும் விண்ணப்பிக்க வைக்கும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது. மறுவருஷம் தேர்வானவர்களில் கயன் ப்ளூஃபோர்ட் ஒருவர். 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் ஓடத்தில் விண்ணுக்குப் போன முதல் கறுப்பு அமெரிக்கர் அவர்.

அந்தப் பயணத்தில் அவரும் சக வீரர்களும் சுமந்து போய் இறக்கிவிட்ட சரக்கு, நம்முடைய இன்சாட் 1-பி. தூர்தர்ஷன் சென்னை, டெல்லி என்று இல்லாமல் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்தது அந்தச் செயற்கைக்கோளின் புண்ணியத்தில்தான். எங்கள் ஊருக்கும் அப்படித்தான் வந்தது. உஹுராவை எனக்குக் காட்டிய டிவி எந்த வழியாக வந்தது என்பது எனக்கே ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

"அந்த கேம்பெல் இதைப் பார்த்தாராப்பா? ராக்கெட்ல அவர் போனதை?"

"இல்லைம்மா, அவர் 71-லேயே போயிட்டார்."

"அவரோட வாசகர்கள்?"

"அவங்க பார்த்திருப்பாங்க" என்றேன்.